கட்டையின் இரண்டு நுனிகள்: பாரிஸ் குசினிகளில் நிற்கும் எம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் அண்ணைமாருக்கும், இப்போது எண்ணிக்கையில் கூடிவரும் தங்கச்சிமாருக்கும்,

நேற்றும் வெட்டியிருப்பீர்கள், இன்றும் வெட்டுவீர்கள். சாண் நீள வெள்ளை ஆட்டுச் சீஸ் கட்டை, சுடுதண்ணீரில் தோய்த்த மெல்லிய கத்தி, சின்னவிரல் தடிப்பில் வட்டம் வட்டமாக வில்லைகள். வாட்டிய பாண் துண்டின் மேல் ஒரு வில்லை, அவணின் மேல்நெருப்புக்குக் கீழே மூன்று நாலு நிமிடம், கோப்பையில் சலாட் இலை, மேலே ஒரு இழுவை தேன், கொஞ்சம் வால்நட் பருப்பு. "ஷெவ்ர் ஷோ இரண்டு" என்று சாப்பாட்டுச் சாலைப் பக்கமிருந்து குரல் வந்ததும் கை தன்பாட்டில் செய்து முடித்துவிடும். நானும் இருபத்தாறு வருஷம் அப்படிச் செய்தவன்தான். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் மேசைக்கு ஏறி, பிறகு அடுப்படிக்கு வந்து, போன வருஷம் முழங்கால் இனி ஏலாது என்று சொன்ன பிறகு வீட்டோடு இருக்கிறேன்.

இந்த மடலை எழுதவைத்தவை அந்தக் கட்டையின் இரண்டு நுனிகளும்தான். நுனித்துண்டு பாணில் சமமாக இருக்காது. ஒரு பக்கம் முழுக்கத் தோல், வாட்டினால் சரியும். ஆகவே அது சாலைக்குப் போகாது. ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மத்தியானச் சர்வீஸ் முடிந்ததும் "யாருக்கு வேணும்?" என்று ஷெஃப் கேட்பார். எங்கள் ஆட்கள் கை நீட்டி நான் கண்டதில்லை. நானே பதினொரு வருஷம் அந்த நுனிகளைக் குப்பைவாளிக்குள் தட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் செய்து கொடுத்த சாப்பாட்டை ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்க்காமல்.

பன்னிரண்டாவது வருஷம், அடுப்படியில் என்னோடு நின்ற அல்ஜீரியாக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியை இழுத்து, ஒரு நுனியை எடுத்து, ஹரிசாவில் நன்றாகப் புரட்டி, பாணுக்குள் வைத்து எனக்கு நீட்டினார். ஹரிசா என்றால் வேறொன்றுமில்லை, அவர்களுடைய செத்தல் மிளகாய்ச் சம்பல். கடித்தேன். உறைப்பு முதலில் வந்தது, பின்னாலேயே புளிப்பு, பிறகு உப்பு. கடைசியில், எங்கேயோ தூரத்தில், எங்கள் வீட்டுக் கோடியில் நின்ற மறியின் வாசம். பதினொரு வருஷத்துக் குப்பைவாளி அப்போதுதான் கண்ணில் தெரிந்தது.

சொல்ல வந்தது இதுதான்: இந்தச் சீஸை "அவையளின்ர சாமான்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். இதைத் தயிரின் பெரியம்மா பிள்ளை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தயிரை அடுப்பில் எப்படி நடத்துவீர்களோ அப்படி நடத்துங்கள். மிச்சமெல்லாம் உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆடு எங்களுக்குப் புதிதா? யாழ்ப்பாணத்தில் வேலிக்கரையில் கிளுவையும் பூவரசும் நின்றது வேலிக்கு மட்டுமா? பின்னேரம் குழை ஒடித்துக் கட்டித் தூக்காத சிறுவன் எவன்? மாடு வாங்க வசதியில்லாத வீட்டிலும் கொட்டிலில் ஒரு மறி நிற்கும். விடிய ஒரு செம்பு பால், அதில் தேத்தண்ணி. வருத்தக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஆட்டுப்பால்தான் நல்லது என்று ஊரே சொல்லும். பிரான்சிலும் இதே கதை. இங்குள்ள நாட்டுப்புறத்தில் ஆட்டுக்கு "ஏழையின் பசு" என்று பெயர். லுவார் ஆற்றங்கரையில் ஆண்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போக, வீட்டுப் பெண்கள் நாலைந்து ஆட்டை வைத்துப் பால் கறந்து, மிஞ்சியதைத் திரைத்து, தோட்டத்துக்குப் போகிறவனின் பையில் பாணோடு கட்டிக் கொடுத்த சாமான் இது. நீங்கள் பதினாலு யூரோவுக்குக் கோப்பையில் அடுக்கிக் கொடுப்பது ஒரு கூலிக்காரனின் மத்தியானச் சாப்பாடு.

புவாத்து பகுதியில் இன்னொரு கதை சொல்வார்கள். 732ஆம் ஆண்டு புவாத்தியே பக்கத்தில் ஷார்ல் மார்த்தெலிடம் தோற்று அரபுப் படை பின்வாங்கியபோது, கூட வந்த குடும்பங்கள் சில ஆடுகளோடு அங்கேயே தங்கிவிட்டன. சீஸ் செய்யும் வித்தையை ஊருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். "ஷபிஷூ" என்ற சீஸின் பெயரே ஆட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று. வரலாறு படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கோ இந்தக் கதையில் ஒரு பிரியம். சண்டைக்குப் பிறகு திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்ட சனம், தங்கள் சாப்பாட்டை ஊருக்குப் பழக்கிவிட்டது என்கிற கதை எங்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

இது எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் அந்நியம் போய்விடும். பாலில் கொஞ்சம் உறை விடுகிறார்கள், பால் திரைக்கும் றெனெட் பேருக்கு ஒரு துளி சேர்க்கிறார்கள், 20 பாகை அளவு சூட்டில் ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுகிறார்கள். அகப்பையால் அள்ளி ஓட்டை போட்ட அச்சில் ஊற்றினால் தண்ணீர் வடியும். உப்புத் தடவி, காய வைக்கிறார்கள். முதல் சில நாட்கள் அது துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்போல ஈரமாக, மெல்லிய புளிப்போடு இருக்கும். இரண்டு மூன்று வாரம் போனால் தோல் கட்டி உள்ளே மாவுபோல இறுகும். இன்னும் விட்டால் சிரட்டைபோலக் காய்ந்து, துருவித்தான் சாப்பிடலாம். ஒரே சாமான், மூன்று வயது. கடையில் "ஃப்ரே", "துமி-செக்", "செக்" என்று கேட்டால் தருவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஃப்ரேயில் தொடங்குங்கள். நுனியைக் கடித்து முகம் சுளித்தவர்கள் பெரும்பாலும் தோல் தடித்த முதிர்ந்ததை முதல் தடவையே கடித்தவர்கள்.

அந்த வாசத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடுவோம். "மொச்சை அடிக்குது" என்பீர்கள். கிடாயை மறிக்குப் பக்கத்தில் கட்டினால் பாலில் வாடை ஏறும் என்று ஊரில் சொல்வது இங்குள்ள ஆட்டுக்காரரும் சொல்வதுதான். பாலின் கொழுப்பிலேயே அந்த வாசத்துக்குரிய அமிலங்கள் இருக்கின்றன. காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்று அவற்றுக்குப் பெயர், மூன்றும் "காப்ரா", அதாவது ஆடு என்ற இலத்தீன் சொல்லில் பிறந்தவை. வயது ஏற ஏற வாசம் ஏறும். கருவாட்டை விரும்பிச் சாப்பிடுகிற ஊரில் பிறந்துவிட்டு இந்த வாசத்துக்கு மூக்கைப் பொத்துவது எனக்கு விளங்கவில்லை. சீஸ் ஏன் பால்வெள்ளை, மாட்டுச் சீஸ்போல ஏன் மஞ்சளாக இல்லை என்று என் பேத்தி கேட்டாள். புல்லிலும் குழையிலும் இருக்கிற மஞ்சள் நிறப்பொருளை ஆடு தன் உடம்பிலேயே உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுகிறது. மாடு அப்படி முழுக்க மாற்றுவதில்லை, மிச்சம் பாலில் வருகிறது. இதைச் சொல்லிக்கொடுத்தது நான் காய்கறி வாங்கும் சந்தையில் சீஸ் விற்கிற பெண்மணி. சந்தைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இனி அடுப்புக்கு வருவோம்.

நான் செய்த முதல் பிழையை முதலில் சொல்கிறேன், நீங்களும் அதையே செய்வீர்கள். ஹரிசாப் பாணின் ருசியில் மயங்கி, அந்த ஞாயிறே வீட்டில் உருளைக்கிழங்குப் பால்கறிக்குள் அரைக் கட்டையைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். மொஸரெல்லாபோல இழுபட்டு உருகும், கறி குழைவாக வரும் என்று ஒரு கற்பனை. பத்து நிமிடத்தில் கறி முழுக்க மணல்மணலாகத் திரண்டு, மேலே எண்ணெய் மிதந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாயை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஏன் அப்படி? மொஸரெல்லாவில் புளிப்புக் குறைவு, பாலின் சுண்ணாம்புச்சத்து புரதத்தைக் கயிறுபோலப் பிணைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தக் கயிறு நீளும். ஆட்டுச் சீஸ் ஒரு நாள் முழுக்கப் புளித்தது. புளிப்பு அந்தச் சுண்ணாம்பைக் கழுவிக் கொண்டுபோய்விடும். அதனால் சூடுபட்டால் நெகிழும், மேலே பொன்னிறமாகும், ஆனால் இழுபடாது, ஓடாது. ஷெவ்ர் ஷோவில் வில்லை தன் வட்டத்தைக் கைவிடாமல் நிற்பதும் இதனால்தான். கொதிக்கிற குழம்பில் தயிரை ஊற்றினால் திரைந்துவிடும் என்று அம்மா சொன்னாளே, அதே சங்கதி. மோர்க்குழம்பை இறக்குகிற பக்குவத்தில் இதைக் கையாளுங்கள்: அடுப்பை அணைத்த பிறகு, கடைசியில், மேலாக. அவணில் என்றால் கடைசி ஐந்து நிமிடம்.

இந்தப் பக்குவம் பிடிபட்டதும் கதவுகள் திறந்தன. என் வீட்டில் நிலைத்துவிட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது பீற்றூட். இங்கே சந்தையில் அவித்தே விற்கிறார்கள், பாதி வேலை முடிந்தது. சின்னச் சதுரங்களாக வெட்டி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சம்புளி, உப்பை வழக்கத்தில் பாதி. கடுகு, செத்தல் மிளகாய், கருவேப்பிலை தாளித்துச் சுடச்சுட அதன்மேல் ஊற்றுங்கள். சாப்பிட இருக்கும்போது மட்டும் ஃப்ரே சீஸை விரலால் உதிர்த்து மேலே தூவுங்கள். முன்னமே கலந்தால் எல்லாம் ரோஜா நிறமாகிவிடும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. பீற்றூட்டின் மண்ணினிப்புக்கு அந்தப் புளிப்பு ஒரு கடிவாளம். சோறு, பருப்பு, இது, ஒரு பொரியல், போதும்.

இரண்டாவது கத்தரிக்காய். கத்தரிக்காயை நீளமாகப் பிளந்து, கத்தியால் கோடு போட்டு, எண்ணெயும் கறித்தூளும் உப்பும் பூசி, 200 பாகையில் அரை மணித்தியாலத்துக்குக் கிட்டவாக விடுங்கள். சதை முழுக்கக் குழைந்ததும் வெளியே எடுத்து, உங்கள் நுனித்துண்டுகளை உதிர்த்துப் போட்டு, மறுபடி ஐந்து நிமிடம். இறக்கிய பிறகு கொஞ்சம் பெருஞ்சீரகத் தூள். இதற்குப் புட்டு அருமையாகச் சேரும். சோற்றைவிடப் புட்டுக்கே நான் வாக்களிப்பேன்.

மூன்றாவது, கீரை. இங்குள்ள பசளிக் கீரையை உள்ளி போட்டு வதக்கித் தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்து, ஒரு மேசைக்கரண்டி ஃப்ரே சீஸைக் கிளறிவிடுங்கள். கீரைக்குத் தேங்காய்ப்பால் விடுகிறோமே, அந்த இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முருங்கையிலை எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கிடைக்கிற கிழமையில் முருங்கையிலையிலும் செய்து பார்த்தேன். கசப்பும் புளிப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. அதை விட்டுவிடுங்கள்.

தோசைக்குள் வெங்காயம், பச்சைமிளகாயோடு உதிர்த்து வைக்கலாம். புளித்த மாவும் புளித்த பாலும் ஒரே குலம். மடித்ததும் இறக்கிவிட வேண்டும். முட்டைப்பொரியலுக்கும் அப்படியே: மூன்று முட்டைக்கு ஒரு தடித்த வில்லை போதும், உப்புப் போட வேண்டாம். இரவு வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவனுக்கு இதைவிடக் கெதியான சாப்பாடு கிடையாது. இல்லை, ஒன்று இருக்கிறது. பாஸ்தா அவித்த தண்ணீரில் ஒரு அகப்பை எடுத்து வைத்து, வடித்த பாஸ்தாவில் ஃப்ரே சீஸைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் க்ரீம் இல்லாமலே க்ரீம்போல ஒட்டிக்கொள்ளும். மேலே நொறுங்க இடித்த மிளகு. பிள்ளைகள் கோப்பையை வழித்துச் சாப்பிடுவார்கள்.

மீன் கறியில் மட்டும் கொண்டுபோய்ப் போடாதீர்கள். காரணம் கேட்காதீர்கள், போடாதீர்கள்.

பிள்ளைகளைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பிள்ளைகள் மத்தியானம் பள்ளிக்கூடக் கந்தீனில் சாப்பிடுகிறார்கள். அங்கே சாப்பாட்டில் ஒரு துண்டு சீஸோ தயிரோ வராத நாள் அரிது. பத்து வயதுப் பிள்ளைக்கு கொம்தே எது, காமம்பேர் எது, ஷெவ்ர் எது என்று வாசத்திலேயே தெரியும். வீட்டுக்கு வந்தால் தகப்பனும் தாயும் அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். பிள்ளை அதன்பிறகு அதைப்பற்றி வீட்டில் பேசுவதில்லை. என் மகன் பேசாமல் விட்டவன். அவனுக்கு ஷெவ்ர் உயிர் என்பதை அவனுடைய கலியாணத்துக்குப் பிறகு மருமகள் சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்த ஷெவ்ரை வாட்டிக் கொடுப்பதுதான் அப்போது எனக்குத் தொழில்.

2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெத்துக்கான பரிசு தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தபோது லாச்சப்பல் முழுக்க அதே பேச்சு. எங்கள் ஆள் சுட்ட பாண் ஒரு வருஷம் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் போனது. பாண் என்ற சொல்லை நாங்கள் போர்த்துக்கேயரிடம் வாங்கினோம். இந்த நாட்டுக்காரரும் கிட்டத்தட்ட அதே சத்தத்தில்தான் அதைச் சொல்கிறார்கள். குசினியும் அப்படி வந்த சொல்தான். பாணும் எங்களது, குசினியும் எங்களது என்று ஆகிவிட்ட பிறகு, பாணுக்கு மேல் வைப்பதில் மட்டும் என்ன தீட்டு?

தீட்டு என்றதும் சைவக்காரரின் கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை விரதமிருக்கிறவர்களும் முழுச் சைவமும் கவனிக்க வேண்டியது அந்தத் துளி றெனெட்டை. வழக்கமான றெனெட் பால்குடி மறவாத கன்று அல்லது குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. பொதியில் "பிரெசூர்" என்று மட்டும் இருந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மைக்றோபியல் என்றோ வெஜெத்தால் என்றோ எழுதியிருந்தால் பயமில்லை. மண்பெயர் பெற்ற, அதாவது பிறந்த ஊரின் பெயரைச் சட்டப்படி தாங்கிய, பாரம்பரியச் சீஸ்கள் பெரும்பாலும் பழைய முறையிலேயே நிற்கின்றன. ஆகவே கோயிலுக்குப் போகிற நாளில் சீஸ் வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யுங்கள்: ஆட்டுப்பால் தயிர் கடையில் கிடைக்கிறது, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் ஒரு சட்டிக்கு மேலே ஒரு இரவு தொங்கவிட்டால் காலையில் ஃப்ரே சீஸின் தங்கச்சி தயார். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், றொட்டி மாவைக் குழைக்கலாம்.

வேறு இரண்டு எச்சரிக்கை. "லே க்ரு" என்றிருந்தால் காய்ச்சாத பாலில் செய்தது. கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது, தோல் கட்டிய மென்சீஸும் அவர்களுக்கு வேண்டாம். லிஸ்தீரியா என்ற கிருமி தாய்க்குச் சும்மா காய்ச்சல்போல வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும். மாட்டுப்பால் புரதம் ஒத்துவராத பிள்ளைக்கு "ஆட்டுப்பால்தானே" என்று ஊர் நினைவில் கொடுக்காதீர்கள். இரண்டின் புரதமும் நெருங்கிய சொந்தம், ஒன்றுக்கு ஒவ்வாமை என்றால் மற்றதற்கும் பெரும்பாலும் வரும். மருத்துவரைக் கேளுங்கள்.

சமைக்காமல் பரிமாறுவது தனிச் சுகம். சாலையில் ஷெஃப் செய்வதை நீங்கள் பார்த்ததுதான், ஆனால் வீட்டில் யாரும் செய்வதில்லை: பிரிட்ஜிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். குளிரில் அது சோக்குக்கட்டி. அறைச்சூட்டில்தான் வாய் திறக்கும். மெதுவான கட்டையைக் கத்தியால் நசிக்காமல் தையல் நூலைக் கீழே கொடுத்து மேலே குறுக்காக இழுத்து வெட்டுங்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலும் நல்லது. புதினா வாசம் போட்ட நூலால் நான் ஒரு முறை வெட்டி, பற்பசைச் சீஸ் சாப்பிட்டோம். தோலைச் சாப்பிடலாம். சாம்பல் பூசியதென்றால் சாம்பலையும் சாப்பிடலாம். தோலில் நீலப்புள்ளி கண்டு பயப்பட வேண்டாம். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் எறியுங்கள்.

சந்தைக்குப் போனால் வடிவங்களைப் பாருங்கள், ஒரு ஆட்டுப்பாலுக்கு இத்தனை வேஷமா என்றிருக்கும். பூலிஞி-சான்-பியேர் கோபுரம்போல நிற்கும். ஆட்டுச் சீஸ்களில் மண்பெயர்ச் சட்டப் பாதுகாப்பு முதலில் பெற்றது அதுதான், 1972இல். வலான்சேயும் அதே கோபுரம்தான், உச்சி மட்டும் வெட்டுப்பட்டது. எகிப்தில் அடிபட்டுத் திரும்பிய நெப்போலியன் பிரமிட்டைப் பார்க்கச் சகிக்காமல் வாளால் சீவினான் என்று ஒரு கட்டுக்கதை. சாந்த்-மோர் து தூரேன் உங்கள் கட்டையின் அசல். நடுவே ஒரு வைக்கோல் தாள் ஊடுருவி நிற்கும், அதில் செய்தவரின் அடையாளம் பொறித்திருக்கும். வைக்கோலை இழுத்துவிட்டு வெட்டுங்கள். குறொத்தான் து ஷவிஞோல் 60 கிராம் உருண்டை. குறொத்தான் என்றால் பிரெஞ்சில் புழுக்கை என்றும் பொருள். பெயர் அங்கிருந்துதான் வந்ததா, பழைய மண்விளக்கின் பெயரிலிருந்து வந்ததா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு. காய்ந்த குறொத்தானைப் பார்த்தவனுக்கு வழக்கு எதற்கு என்று தோன்றும். ஆடுகள் மாசி பங்குனியில் குட்டி போட்டு வசந்தத்தில் புது இலை தின்னும். அதனால் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கிராமத்துக்காரர் கொண்டுவருவதற்கு ஒரு தனி மணம். குளிர்காலத்தில் சுப்பர்மார்க்கெட் கட்டையே போதும். இரண்டு, இரண்டரை யூரோ, சமையலுக்கு அதுவே தாராளம். நல்லதை வாங்கி அவணில் வைப்பது வீண்செலவு.

கூடவே என்ன வைப்பது? இந்த நாட்டுக்காரர் தேன் விடுவார்கள், அத்திப்பழ ஜாம் வைப்பார்கள். உப்பும் புளிப்பும் இருக்கிற இடத்தில் இனிப்புக் கேட்கும். தேனை நீங்கள் வேலைத்தலத்திலேயே விடுங்கள். லாச்சப்பலில் பனங்கட்டி கிடைக்கிறது. அதைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, வாட்டிய பாணில் இருக்கிற சூடான வில்லையின் மேல் தூவிப் பாருங்கள். சூட்டில் பாதி இளகி, பாதி நறநறவென்று நிற்கும். பனங்கட்டியில் ஒரு கருகல் வாசம் உண்டே, அது ஆட்டுச் சீஸுக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிடும். ஒரு நறுக்கு இஞ்சியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணியோடு சாப்பிட்டால், நான் செய்த அத்தனை ஆயிரம் ஷெவ்ர் ஷோவும் இதற்குப் பழகிய பழக்கம்தான் என்று படும்.

போன தைப்பொங்கலுக்கு மகன் வீட்டுக்கு ஒரு பனோன் வாங்கிப் போனேன். புரோவான்ஸ் பக்கத்துச் சீஸ் அது. உள்ளங்கையளவு வட்டம், காய்ந்த கஸ்தான் (செஸ்ட்நட்) இலைகளால் நாலு பக்கமும் மூடி, ராஃபியா நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருப்பார்கள். ராஃபியாவும் ஒரு பனையின் ஓலைநார்தான். மேசையில் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய பனங்கட்டிக் குட்டானையும் வைத்தேன். ஒன்று கஸ்தான் இலையில், மற்றது பனையோலையில். இரண்டும் பழுப்பு, இரண்டும் ஒரு கையளவு, இரண்டிலும் நாரை அவிழ்க்கத்தான் வேண்டும். பேத்தி இரண்டையும் தூக்கி மணந்து பார்த்தாள். பிறகு குட்டானைக் காட்டி, "இது எந்த ஊர் ஷெவ்ர் அப்பப்பா?" என்று கேட்டாள்.

மகன் எனக்கு முதல் பதில் சொன்னான். "பருத்தித்துறை."

இன்றைக்கு மத்தியானம் ஷெஃப் அந்தப் பெட்டியை நீட்டும்போது கையை நீட்டுங்கள். செத்தல் மிளகாய்ச் சம்பல் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியில் எப்படியும் இருக்கும்.

அன்புடன்,
சலாட் மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு பழைய ஆள்